தம்பதியாக இரண்டு வருடம் வெளிநாட்டில் தன்னார்வப் பணி: அழைப்புக் கடிதம் ஒருவருக்கு மட்டும் வந்திருக்கிறது

ஊற்றுக்கண் எழுதியது:

வணக்கம். கிராமக் குடிநீர்த் திட்டம் ஒன்றில் தன்னார்வப் பொறியாளராக இரண்டு வருடத்துக்கு என்னைத் தேர்வு செய்திருக்கிறார்கள். சகாராவுக்குத் தெற்கே உள்ள ஒரு நாடு. தலைநகரிலிருந்து ஒரு நாள் பஸ் பயணம் போனால் வரும் சிறிய ஊர். மனைவி பதிவு பெற்ற செவிலியர், அவரும் உடன் வருகிறார்.

கடிதம் என் பெயரில் மட்டும் வந்திருக்கிறது. "மனைவியை டிபென்டன்ட் விசாவில் கூட்டி வாருங்கள், பக்கத்திலேயே சுகாதார நிலையம் இருக்கிறது, வந்த பிறகு அங்கே சேர்த்துவிடலாம்" என்கிறார்கள். இதை நம்பிக் கிளம்பலாமா? கிளம்ப இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.

இதோடு தடுப்பூசி, மலேரியா மாத்திரை, இன்சூரன்ஸ், மின்சாரம் பற்றியும் தெரிய வேண்டும். ஊரில் கரண்ட் ஒரு நாளைக்குச் சில மணி நேரம்தான் என்கிறார்கள். குடும்ப வாழ்க்கை எப்படி இருக்கும் என்று கேட்கவில்லை. எதை எப்போது செய்ய வேண்டும், எங்கே சிக்கல் வரும் என்று மட்டும் சொன்னால் போதும்.

எல்லைக்கோடு எழுதியது:

"வந்த பிறகு சேர்த்துவிடலாம்" என்பதை நம்பிக் கிளம்பாதீர்கள். உங்கள் கேள்வியில் முக்கியமானது அது ஒன்றுதான். மற்றதையெல்லாம் அதன் பிறகு வரிசையாகப் பார்த்துக்கொள்ளலாம்.

டிபென்டன்ட் விசா என்பது உடன் வசிப்பதற்கான அனுமதி மட்டுமே. சம்பளம் வாங்காவிட்டால் அது வேலை ஆகாது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான நாடுகளின் குடிவரவுச் சட்டம் சம்பளத்தைப் பார்ப்பதில்லை, நீங்கள் செய்யும் செயலைத்தான் பார்க்கிறது. உள்ளூர்க்காரர் ஒருவர் பார்க்கக்கூடிய பணியை நீங்கள் செய்தால் அது வேலை, காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும். பிடிபட்டால் அபராதத்தோடு நிற்காது. இருவருக்கும் ஸ்பான்சர் ஒரே அமைப்பு என்பதால் உங்கள் பெர்மிட்டும் (பணி அனுமதி) சேர்ந்து ஆட்டம் காணும்.

செவிலியர் என்பதால் இன்னொரு பூட்டும் இருக்கிறது. அந்த நாட்டு நர்சிங் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு இல்லாமல் நோயாளியைத் தொடக்கூடாது. அந்தப் பதிவுக்கு இங்குள்ள கவுன்சில் நன்னிலைச் சான்று, அதாவது பதிவு நடப்பில் இருக்கிறது, ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லை என்ற சான்று, தர வேண்டும். அதை உங்கள் கையில் கொடுக்க மாட்டார்கள். ஒரு கவுன்சிலிலிருந்து இன்னொரு கவுன்சிலுக்கு நேரடியாகப் போகும். அதற்குக் காலாவதியும் உண்டு, பல இடங்களில் சில மாதங்கள்தான். முன்கூட்டியே வாங்கி வைத்தால் பதிவு விண்ணப்பம் போவதற்குள் செத்துப்போகும். தாமதமாகக் கேட்டால் நீங்கள் கிளம்பும்போது அது இன்னும் தபாலில் இருக்கும்.

ஆகவே முதலில் சுகாதார நிலையத்திடமிருந்து மனைவியின் பெயரில் தனி நியமனக் கடிதம் வாங்குங்கள். கவுன்சில் முதலில் கேட்பதே அதைத்தான். பதவியின் பெயர், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், யாருக்குக் கீழ், தொடங்கும் தேதி, முடியும் தேதி, பெர்மிட் கட்டணத்தை யார் கட்டுவது என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். பிறகு நன்னிலைச் சான்று, தற்காலிகப் பதிவு, அதை வைத்து அவருக்கென்று தனி பெர்மிட். இந்த வரிசையை மாற்றினால் ஒவ்வொரு மேசையிலும் "அந்தக் காகிதம் எங்கே" என்று திருப்பி அனுப்புவார்கள். ஏழு மாதம் போதும், ஆனால் இந்த வாரமே தொடங்க வேண்டும்.

கவுன்சில் பதிவு கிடைக்காது என்று தெரிந்தால் நோயாளியைத் தொடாத பணியாக மாற்றிக் கேளுங்கள். சுகாதாரப் பணியாளர் பயிற்சி, மருந்து இருப்புக் கணக்கு, கை கழுவும் பழக்கம் பற்றிய வகுப்புகள் போல. அதற்குப் பெரும்பாலும் கவுன்சில் தேவைப்படாது. பெர்மிட் மட்டும் அப்போதும் வேண்டும்.

பெரிய அமைப்புகள் இதை எப்படிக் கையாள்கின்றன என்று பார்த்தாலே விஷயம் புரியும். ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தில் கணவனும் மனைவியும் தனித்தனியாக விண்ணப்பித்து, தனித்தனிப் பணியிடத்துக்குத் தேர்வாக வேண்டும். குடும்பத்தை அழைத்துப்போகலாமா என்பதுகூட அந்தப் பணியிடத்தின் வகையைப் பொறுத்தது. பாதுகாப்புக் காரணத்தால் குடும்பம் வரக்கூடாது என்று வகைப்படுத்திய ஊர்கள் இருக்கின்றன. அமெரிக்கக் குடிமக்களுக்கான அரசுத் தன்னார்வத் திட்டமான பீஸ் கோர் தம்பதியரை ஒன்றாக அனுப்பும், ஆனால் இருவருமே தகுதி பெற்று இருவருமே பணி செய்ய வேண்டும். ஒருவர் பணி செய்ய மற்றவர் துணைக்கு வருவது என்ற ஏற்பாடே அங்கே கிடையாது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு முதல் முறை போகிறவரைப் பொதுவாகத் தனியாகத்தான் அனுப்பும். சிறிய அமைப்புகள்தான் "கூட்டி வாருங்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, பெர்மிட் வேலையைப் பார்க்க அவர்களிடம் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஆவணங்களில் திருமணச் சான்றிதழ்தான் அதிகம் கேட்கப்படும். போகும் நாடு 1961-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இருந்தால் அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மை என்று நம் அரசு வெளிநாட்டுக்காகப் போடும் முத்திரை) போதும். இல்லையென்றால் வெளியுறவுத் துறை சான்றளித்து, அதன்மேல் அந்த நாட்டுத் தூதரகமும் சான்றளிக்க வேண்டும். இது வாரக்கணக்கில் இழுக்கும். பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பாஸ்போர்ட்டில் விரித்து எழுதிய பெயர், திருமணச் சான்றில் இனிஷியல், பட்டச் சான்றில் வேறு ஸ்பெல்லிங் என்று இருந்தால், மூன்றும் ஒரே ஆள்தான் என்ற உறுதிமொழிப் பத்திரத்தையும் சேர்த்தே அப்போஸ்டில் செய்யுங்கள். காவல்துறை நற்சான்று இருவருக்கும் தனித்தனியாக வேண்டும். அதற்கும் ஆயுள் குறைவு என்பதால் கடைசி மூன்று மாதத்துக்குள் வாங்கினால் போதும்.

தனிவழி எழுதியது:

இவ்வளவு சுற்ற வேண்டியதில்லை. மனைவி டூரிஸ்ட் விசாவில் போகட்டும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை எல்லை தாண்டி ஒரு முத்திரை குத்தி வந்தால் முடிந்தது. நிறையப் பேர் இப்படித்தான் இருக்கிறார்கள்.

எல்லைக்கோடு எழுதியது:

நிறையப் பேர் இருக்கிறார்கள், உண்மை. எல்லை அதிகாரி பழைய முத்திரைகளை எண்ணிப் பார்க்கும் நாள் வரை இருப்பார்கள். திரும்ப உள்ளே விடுவதா வேண்டாமா என்பது அந்த ஆளின் விருப்பம். கணவர் உள்ளே, மனைவி எல்லைக்கு வெளியே என்று நின்றால் அமைப்பு எந்தக் கடிதம் கொடுத்தாலும் உதவாது. டூரிஸ்ட் விசாவில் இருப்பவர் வார்டில் ஊசி போட்டு ஏதாவது ஆகிவிட்டால் பொறுப்பு முழுக்க அவர் தலையில் விழும். எந்த இன்சூரன்சும் பக்கத்தில் வராது.

கொசுவலை எழுதியது:

மருத்துவம் பற்றி எழுதுகிறேன். இது பொதுவான அட்டவணைதான், பயண மருத்துவரிடம் ஒரு முறை உட்கார்ந்து உங்கள் இருவரின் வயது, உடல்நிலை பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நாள் அதிகம் பிடிப்பது ஹெபடைடிஸ் பி. 0, 1, 6 மாதம் என்று மூன்று தவணை. இன்றைக்குப் போட்டால்தான் ஏழு மாதத்தில் முடியும். மனைவி முன்பே போட்டிருப்பார். ஆனாலும் ஆன்டிபாடி அளவு 10 mIU/mL-க்கு மேல் இருக்கிறதா என்று ரத்தம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஊசி போட்டும் எதிர்ப்பு வராதவர்கள் உண்டு, மருத்துவப் பணியில் அது தெரியாமல் இருக்கக்கூடாது.

பல நாடுகளில் நுழைவுக்கே தேவைப்படுவது மஞ்சள் காய்ச்சல் ஊசிதான். அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் மட்டும் போடுவார்கள். போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லும், எனவே கிளம்பும் வாரத்தில் போய் நிற்காதீர்கள். 2016 ஜூலையிலிருந்து ஒரு தவணை ஆயுள் முழுவதற்கும் செல்லும். அந்தச் சான்றான மஞ்சள் அட்டையில் பழைய பத்து வருடக் கணக்கைப் பார்த்து யாராவது மறு ஊசி கேட்டால் இந்த விதியைச் சொல்லலாம். இது உயிருள்ள வைரஸ் தடுப்பூசி. கர்ப்பம், நோய் எதிர்ப்புக் குறைபாடு, 60 வயதுக்கு மேல் என்றால் மருத்துவர் யோசித்துத்தான் போடுவார். தட்டம்மைக்கான எம்.எம்.ஆர். போன்ற இன்னோர் உயிருள்ள ஊசியும் தேவைப்பட்டால் இரண்டையும் ஒரே நாளில் போட வேண்டும், அல்லது நான்கு வாரம் இடைவெளி விட வேண்டும். நடுவில் போட்டால் பலன் குறையும்.

வெறிநாய்க்கடிக்கு முன்தடுப்பு 0, 7 நாள் என்று இரண்டு ஊசி. ஒரு நாள் பஸ் பயணத் தொலைவில் இருக்கிறவர்களுக்கு இது அவசியம் என்பேன். காரணம் இம்யூனோகுளோபுலின் என்ற தயார்நிலை எதிர்ப்புப்பொருள் ஊசி. முன்தடுப்பு இல்லாதவரைக் கடித்துத் தோல் கிழிந்தால் அது தேவை, சிறிய ஊர்களில் கிடைக்காது. முன்தடுப்பு போட்டவருக்கு அது வேண்டாம். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, 0, 3 நாள் என்று இரண்டு ஊசி போட்டால் போதும்.

டைஃபாய்டு, ஹெபடைடிஸ் ஏ, டெட்டனஸ் பூஸ்டர் எல்லாம் வழக்கமானவை. செனகல் முதல் எத்தியோப்பியா வரையிலான மூளைக்காய்ச்சல் பட்டைக்குள் உங்கள் ஊர் வந்தால் ஏ.சி.டபிள்யூ.ஒய். தடுப்பூசியும். போலியோ பரவும் நாடாக அறிவிக்கப்பட்டிருந்தால், நான்கு வாரத்துக்கு மேல் அங்கே தங்கியவர்கள் வெளியேறும்போது போலியோ ஊசிச் சான்று கேட்கப்படலாம். விடுமுறைக்குக் கிளம்பும்போது விமான நிலையத்தில் இதில் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

மலேரியா. மூன்று மாத்திரைகளில் ஒன்றைத்தான் பெரும்பாலும் எழுதுவார்கள். அட்டோவக்வோன்-புரோகுவானில் தினமும் ஒன்று. போவதற்கு 1-2 நாள் முன் தொடங்கி, வெளியேறிய பின் 7 நாள் வரை. பக்க விளைவு குறைவு, விலைதான் இரண்டு வருடத்துக்குக் கட்டுபடியாகாது. டாக்ஸிசைக்ளின் தினமும் ஒன்று, மலிவு. ஆனால் வெளியேறிய பின்னும் 4 வாரம் தொடர வேண்டும். வெயிலில் தோல் சிவந்து எரியும். ஒரு டம்ளர் தண்ணீருடன் நிமிர்ந்து உட்கார்ந்து விழுங்க வேண்டும், விழுங்கிவிட்டு உடனே படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். மெஃப்ளோகுவின் வாரம் ஒன்று, 2-3 வாரம் முன்பே தொடங்க வேண்டும், பின்னும் 4 வாரம். மனச்சோர்வு, வலிப்பு, பதற்றம் முன்பு இருந்தவருக்கு ஆகாது. முன்பே தொடங்கச் சொல்வதற்கு ஒரு காரணம், கெட்ட கனவு, தலைசுற்றல் வந்தால் கிளம்பும் முன்பே தெரிந்து மாற்றிக்கொள்ளலாம் என்பது.

இருவரும் ஒரே மாத்திரைதான் எடுக்க வேண்டும் என்றில்லை. இந்த இரண்டு வருடத்தில் குழந்தைக்குத் திட்டமிருந்தால் அதை மருத்துவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். டாக்ஸிசைக்ளின் கர்ப்பத்தில் கூடாது. அட்டோவக்வோன் கலவைக்குப் போதுமான தரவு இல்லாததால் தவிர்ப்பார்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசியையும் அதற்கு முன்பே முடிக்க வேண்டும்.

மாத்திரை எடுத்தாலும் மலேரியா வரலாம். காய்ச்சல் வந்தால் 24 மணி நேரத்துக்குள் பரிசோதனை. வீட்டில் ரேபிட் கிட் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் தகரக் கூரைக்குக் கீழே அலமாரியில் வைத்தால் வெப்பத்தில் கெட்டுவிடும். வீட்டிலேயே குளிர்ச்சியான மூலை, மண்பானைக்குப் பக்கம் போல. முதல் சோதனை நெகட்டிவ் என்றால் 12-24 மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். குணமான பிறகும் சில வாரங்களுக்கு அந்தக் கிட் பாசிட்டிவ் காட்டலாம். அதைப் பார்த்துத் திரும்ப மருந்து சாப்பிடுகிறவர்கள் உண்டு, அதனால்தான் சொல்கிறேன். சிகிச்சை மருந்து ஒரு கோர்ஸ் ஆளுக்கு ஒன்று இங்கிருந்தே எடுத்துப் போங்கள். போலி மருந்து நிறைய உலவும் இடங்கள் இருக்கின்றன.

வலையைப் பொறுத்தவரை கூம்பு வடிவம் வாங்காதீர்கள். இருவர் படுத்தால் சரிவான பக்கம் தோள், முழங்கால் மேலே ஒட்டும், கொசு வெளியிலிருந்தே குத்தும். நான்கு மூலையிலும் கட்டும் செவ்வக வலை, பூச்சிமருந்து ஏற்றியது, மெத்தைக்கு அடியில் செருகும் அளவு நீளம். நான்கு கொக்கியும் பத்து மீட்டர் நைலான் கயிறும் பெட்டியில் போடுங்கள், சுவரில் ஆணி அடிக்க விடாத வாடகை வீட்டில் ஜன்னல் கம்பிக்குக் கம்பி கட்டலாம்.

உங்களுக்கென்று ஒன்று: ஆறு, ஏரி, வாய்க்காலில் இறங்கி அளவெடுக்கும் வேலை என்றால் நத்தைக் காய்ச்சல் எனப்படும் சிஸ்டோசோமியாசிஸ் என்ற புழு நோய் வரலாம். தோல் வழியாகவே உள்ளே போகும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போடுங்கள். குளிக்கும் தண்ணீரைத் தொட்டியில் இரண்டு நாள் நிற்க வைத்தால் அந்தப் புழு செத்துவிடும். திரும்பி வந்து இரண்டு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

மனைவிக்கு ஒன்று: ஊசி குத்தினால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அந்த நிலையத்தில் அது இருப்பில் உண்டா, ராத்திரியில் சாவி யாரிடம் என்று முதல் நாளே கேட்க வேண்டும். கிளம்பும் முன் காசநோய்க்கான ரத்தப் பரிசோதனை ஒன்றும் செய்து வைத்துக்கொண்டால், திரும்பிய பின் ஒப்பிடலாம்.

வழக்கமாக எடுக்கும் மருந்து இருந்தால் ஒரிஜினல் பெட்டியோடு, ஜெனரிக் பெயர் எழுதிய மருத்துவர் கடிதத்தோடு கைப்பையில் வையுங்கள். தூக்க மாத்திரை, டிரமடால் என்ற வலி மருந்து, கோடின் கலந்த இருமல் மருந்து எல்லாம் பல நாடுகளில் போதைப்பொருள் பட்டியலில் வரும். முன் அனுமதி வாங்காமல் எடுத்துப் போனால் கஸ்டம்ஸில் வம்பு.

கருவாலி எழுதியது:

மின்சாரத்துக்குக் கணக்கு போட்டுத்தான் வாங்க வேண்டும். கடைக்காரர் சொல்லும் "வீட்டுக்கான செட்" என்பதை வாங்கினால் பாதி வீண்.

இருவர் வீட்டுக்கு ஓர் உதாரணம். லேப்டாப் இரண்டு, 45 வாட் வீதம் மூன்று மணி நேரம்: 270 வாட்-மணி. 5 வாட் எல்இடி மூன்று, நான்கு மணி நேரம்: 60. போன் இரண்டு: 30. 12 வோல்ட் டிசி மின்விசிறி 15 வாட், இரவு எட்டு மணி நேரம்: 120. மொத்தம் 480. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 12.8 வோல்ட் 50 ஆம்பியர்-மணி என்றால் 640 வாட்-மணி. அதில் 80 சதவீதம் எடுத்தால் 512, சரியாக வரும். லெட்-ஆசிட் என்றால் பாதிதான் எடுக்கலாம், அப்போது 80 ஆம்பியர்-மணிக்கு மேல் வேண்டும், ஆயுளும் குறைவு.

சோலார் தகடு: நாளுக்கு 4.5 மணி நேர முழு வெயில், இழப்பு 30 சதவீதம் என்று வைத்தால் 480-ஐ 3.15-ஆல் வகுங்கள், 152 வாட். மழை மாதங்களுக்காக 200 வாட் போடுங்கள். அதற்கு 20 ஆம்பியர் சார்ஜ் கன்ட்ரோலர், தகட்டிலிருந்து 5 மீட்டருக்குள் என்றால் 4 சதுர மில்லிமீட்டர் ஒயர். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே 30 ஆம்பியர் ஃப்யூஸ். இதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம், ஷார்ட் ஆனால் ஒயர் பற்றிக்கொள்ளும்.

எல்லாரும் ஏமாறுவது இன்வெர்ட்டரில். எதுவும் செருகாமல் சும்மா ஆன் செய்து வைத்தாலே 10 வாட் போலத் தின்னும். இருபத்து நாலு மணி நேரத்துக்கு 240 வாட்-மணி, உங்கள் ஒரு நாள் செலவில் பாதி! "பேட்டரி மோசம்" என்று குறை சொல்பவர் வீட்டில் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். யுஎஸ்பி-சி-யில் சார்ஜ் ஆகும் லேப்டாப் என்றால் 12 வோல்ட் கார் சார்ஜர், 65 வாட், நேராகப் பேட்டரியிலிருந்து. இன்வெர்ட்டரே தேவைப்படாது.

தகடு தகரக் கூரையில் படுத்தபடி ஒட்டக்கூடாது. பத்து சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் காற்று போய்ச் சூடு குறையும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்றாலும் 10-15 டிகிரி சாய்வு வைத்தால் மழையே தூசியைக் கழுவிவிடும்.

இங்கிருந்து பேட்டரி எடுத்துப் போக முடியாது. விமானத்தில் 100 வாட்-மணி வரை கைப்பையில் தாராளம். 100 முதல் 160 வரை விமான நிறுவன அனுமதியோடு இரண்டு. அதற்கு மேல் பயணியோடு போகவே போகாது. 27,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்க் 99.9 வாட்-மணி, அதாவது எல்லைக்குச் சற்று உள்ளே. ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கன்ட்ரோலர், ஃப்யூஸ், கார் சார்ஜர், டிசி மின்விசிறி இங்கிருந்து. தகடும் பேட்டரியும் தலைநகரில்.

கரண்ட் வரும் சில மணி நேரத்தில் வோல்டேஜ் ஏறி இறங்கும். போன கரண்ட் திரும்ப வரும் அந்த விநாடியில்தான் சார்ஜர்கள் சாகின்றன. கரண்ட் போனதும் பிளக்கைப் பிடுங்கும் பழக்கம் எந்த ஸ்டெபிலைசரையும் விட மேல்.

தண்ணீர் பற்றிப் பொறியாளருக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுக்கு மெழுகுவர்த்தி வடிவ பீங்கான் வடிகட்டி, அதன் பின் ஒரு துளி குளோரின். வடிகட்டி வைரஸைப் பிடிக்காது, குளோரின் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியைக் கொல்லாது, இரண்டும் சேர்ந்தால்தான் முழுமை. பீங்கானைப் பிரஷ்ஷால் மட்டும் தேயுங்கள், சோப்பு கூடாது.

ஊற்றுக்கண் எழுதியது:

எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைத்தது, நன்றி. சுகாதார நிலையத்திடம் தனிக் கடிதம் கேட்டு இன்றே எழுதிவிட்டேன்.

இன்னும் இரண்டு. இன்சூரன்ஸ் அமைப்பே எடுத்துத் தருகிறது, "குடும்பத்துக்கும் சேர்த்து" என்கிறார்கள். அது போதுமா? விடுமுறையில் பக்கத்து நாடுகளைச் சுற்றிப் பார்க்க ஆசை, அதில் கவனிக்க வேண்டியது என்ன?

இரட்டைப்பெட்டி எழுதியது:

இன்சூரன்ஸில் "குடும்பத்துக்கும் சேர்த்து" என்றால் பெரும்பாலும் நீங்கள் முதன்மை உறுப்பினர், மனைவி உங்கள் நிழல். உங்கள் ஒப்பந்தம் முடிந்த நிமிடம் அவருக்கும் முடியும். நீங்கள் முதலில் கிளம்பி அவர் தன் பணியை முடிக்க ஒரு மாதம் இருந்தால் அந்த மாதம் வெறுங்கை. அவருக்குத் தனி நியமனம் கிடைத்தால் தனிப் பாலிசியும் கேளுங்கள்.

பாலிசிப் புத்தகத்தில் தேட வேண்டியவை: மருத்துவ வெளியேற்றம் உண்டா, எங்கே வரை கொண்டுபோவார்கள். "அருகிலுள்ள தகுந்த மருத்துவமனை" என்றால் பக்கத்து நாட்டுத் தலைநகராகவும் இருக்கலாம், சொந்த நாடு என்று எண்ணிவிடாதீர்கள். ஒருவரைத் தூக்கிப் போகும்போது மற்றவருக்கு டிக்கெட் உண்டா? தம்பதியர் கேட்க மறக்கும் கேள்வி இதுதான். உடலுழைப்பு வேலை விலக்கா? கிணறு, குழாய் வேலை அதில் மாட்டும். நோயாளிகளைத் தொடும் தொழில் விலக்கா? மோட்டார் சைக்கிள் விலக்கா? பல பாலிசிகளில் பின்னால் உட்கார்ந்தாலும் விலக்குதான், ஓட்டுநரிடம் லைசென்ஸ் இல்லையென்றால். கிராமத்தில் டாக்சி என்றாலே பைக்தான் என்பதால் இதை விட முடியாது. நீங்களே ஓட்டுவதாக இருந்தால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியில் இருசக்கர வகைக்கு முத்திரை இருக்க வேண்டும், கார் வகைக்கு மட்டும் இருந்தால் செல்லாது. 1949 உடன்படிக்கைப்படி தரும் அனுமதி ஒரு வருடம்தான், இரண்டாம் வருடத்துக்கு உள்ளூர் லைசென்ஸ் எடுக்க வேண்டியிருக்கும்.

பெர்மிட் பற்றி மேலே சொன்னார்கள், ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துக் கேட்கச் சொல்வேன். ஒருவர் பணி நின்றால் மற்றவர் வீட்டிலும் நாட்டிலும் தொடரலாமா, திரும்பும் டிக்கெட் யார் பொறுப்பு என்று. வாடகை வீடு அமைப்பின் பெயரில் உங்கள் பணிக்காகக் கொடுத்தது. நீங்கள் கிளம்பினால் வீடும் போகும்.

பணம். உதவித்தொகை உங்கள் கணக்கில் மட்டும் விழும், டிபென்டன்ட் அனுமதியில் மனைவியால் அங்கே வங்கிக் கணக்கு திறக்க முடியாமல் போகலாம். அவருடைய கார்டு வேறு வங்கியின் வேறு கணக்கிலிருந்து இருக்கட்டும். கூட்டுக் கணக்கின் இரண்டு கார்டு என்றால் வங்கி சந்தேகப்பட்டு முடக்கும்போது இரண்டும் ஒன்றாகச் சாகும். ஓடிபி வரும் ஊர் நம்பர் ரோமிங்கில் உயிரோடு இருக்க வேண்டும். ரீசார்ஜ் விட்டுப்போய் நம்பரை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டால் அங்கிருந்து எதையும் மீட்க முடியாது. டாலர் நோட்டு எடுத்துப் போனால் புது சீரீஸ், மடிப்பு, கிறுக்கல் இல்லாததாக. கொஞ்சம் கிழிந்தாலும் பல இடங்களில் வாங்க மாட்டார்கள்.

பெட்டியில் அவரவர் துணியை அவரவர் பெட்டியில் அடுக்காதீர்கள். பாதிக்குப் பாதி கலந்து வையுங்கள், ஒன்று தொலைந்தாலும் இருவருக்கும் மாற்றுத் துணி இருக்கும்.

எல்லைக்கோடு எழுதியது:

சுற்றுலா பற்றி. முதல் கேள்வி, உங்கள் பெர்மிட் ஒரு முறை நுழைவா, பல முறை நுழைவா. ஒரு முறை நுழைவு என்றால் எல்லை தாண்டிய நொடியில் அது காலாவதி. மறு நுழைவு அனுமதியைத் தலைநகரில் முன்பே வாங்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். பெர்மிட் இன்னும் அச்சாகி வரவில்லை, ரசீது மட்டும் கையில் என்ற காலத்தில் நாட்டை விட்டு வெளியே போகவே வேண்டாம். முதல் ஆறு மாதம் உள்நாட்டிலேயே சுற்றுங்கள்.

கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றுக்கும் சேர்த்து 90 நாள் கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா விசா உண்டு. எந்த நாட்டில் வாங்கினீர்களோ அந்த நாட்டில்தான் முதலில் நுழைய வேண்டும். மூன்றுக்குள் எத்தனை முறையும் போகலாம், ஆனால் நடுவில் தான்சானியாவுக்குப் போனால் விசா முடிந்தது. தெற்கே சாம்பியா, ஜிம்பாப்வே இரண்டுக்கும் காசா (KAZA) என்ற பொது விசா, 30 நாள்; எல்லா நாட்டுப் பாஸ்போர்ட்டுக்கும் தரமாட்டார்கள், பட்டியலைப் பாருங்கள். இரண்டுமே சுற்றிப் பார்க்க மட்டும். பக்கத்து நாட்டில் நண்பர் நடத்தும் திட்டத்தில் ஒரு வாரம் கை கொடுப்பது இதில் அடங்காது.

மஞ்சள் அட்டை ஒவ்வொரு பயணத்திலும் பாஸ்போர்ட்டோடு இருக்கட்டும். நோய் உள்ள நாட்டிலிருந்து வருகிறவர் நீங்கள் என்பதால், வழக்கமாகக் கேட்காத நாடும் உங்களிடம் கேட்கும். அப்படிப்பட்ட நாட்டு விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து மாறினாலும் சில நாடுகள் கேட்கும். பாஸ்போர்ட்டில் ஆறு மாத ஆயுளும், எதிரெதிரே இரண்டு வெற்றுப் பக்கமும் எப்போதும் மிச்சம் வையுங்கள். ஒரு முழுப் பக்க விசா ஸ்டிக்கர் ஒட்டும் நாடுகள் பக்கத்தை வேகமாகத் தின்றுவிடும்.

தரை எல்லையில் இரண்டு கட்டிடம் இருக்கும், ஒன்றில் வெளியேற்ற முத்திரை, மற்றதில் நுழைவு முத்திரை. பஸ் அவசரப்படுத்தும், ஒன்றை விட்டுவிட்டு ஏறாதீர்கள். கவுன்டரை விட்டு நகரும் முன் இருவர் பாஸ்போர்ட்டையும் திறந்து, பேனாவால் எழுதிய நாள் எண்ணிக்கையைப் படியுங்கள். பெர்மிட் உள்ளவருக்கு முழுக் காலமும், பின்னால் நின்ற மனைவிக்கு விசிட்டர் என்று 30 நாளும் எழுதித் தருவது சாதாரணமாக நடக்கும். அங்கேயே பெர்மிட்டைக் காட்டி "இதையும் மாற்றிக் கொடுங்கள்" என்றால் ஒரு நிமிடத்தில் திருத்திவிடுவார்கள். ஊருக்குப் போய்ப் பார்த்தால் அதற்கென்று தலைநகர் வரை ஒரு நாள் பஸ், அபராதத்தோடு.